கொழுத்த பெட்டைநாயும் மடிக்கட்டியும்

வன்னியில் நாய் மெலிந்து கிடந்தால் ஊர் கேட்கும்: "என்ன, சோறு வைக்கிறேல்லையோ?" கொழுத்துக் கிடந்தால் ஒருவரும் கேட்பதில்லை. 2009க்குப் பிறகு திரும்பி வந்து குடியேறிய வளவுகளில் எலும்பும் தோலுமாய்த் திரிந்த நாய்களைப் பார்த்தவர்களுக்கு, உருண்டு திரண்ட நாய் ஒரு நிறைவுதான். அதில் பிழை பிடிக்க ஒன்றுமில்லை. ஆனால் கருத்தடை செய்யாத பெட்டைநாய் பகல் முழுக்கச் சங்கிலியில் கிடந்து, தேங்காய்ப்பால் கறி விட்டுப் பிசைந்த சோற்றைத் தின்று, ஏழெட்டு வயதைத் தாண்டும்போது அதன் மடியைத் தடவிப் பார்ப்பவர்கள் மிகக் குறைவு. கருத்தடை செய்யாத பெட்டைநாய்களுக்கு வரும் கட்டிகளில் முதலிடம் முலைக்கட்டிக்குத்தான். அவற்றில் ஏறக்குறையப் பாதி புற்று.

"குண்டு நாய்க்குப் புற்றுநோய் வரும்" என்று ஒற்றை வரியில் முடித்துவிட முடியாது. எடை இரண்டு இடங்களில் வந்து குறுக்கே நிற்கிறது. ஒன்று, குட்டி ஒரு வயதைத் தொடுவதற்கு முன். மற்றது, கட்டி வந்த பிறகு. அப்போது கொழுப்பு கட்டியைக் கைக்குத் தட்டுப்படாமல் மறைக்கும், சத்திரசிகிச்சையையும் சிக்கலாக்கும். இடைப்பட்ட காலத்து எடைக்கும் பங்கு உண்டு, ஆனால் அதில் ஆய்வுகள் ஒத்துப்போகவில்லை.

நாய்க்குப் பொதுவாக ஐந்து சோடி முலைகள். முன்னிரண்டு சோடி நெஞ்சில், அடுத்த இரண்டு வயிற்றில், கடைசிச் சோடி தொடையிடுக்கில். கட்டி அதிகம் வருவது பின்பக்கத்து நான்காம், ஐந்தாம் சோடிகளில். முலைத்திசு கூடுதலாக இருப்பது அங்கேதான். கொழுத்த நாயில் கொழுப்பு தொங்குவதும் அதே இடத்தில்.

பெட்டைநாய் ஆறேழு மாதத்துக்கு ஒருமுறை பருவத்துக்கு வரும். சினைப்பட்டாலும் படாவிட்டாலும், அதன் பிறகு இரண்டு மாதமளவுக்குப் புரோஜெஸ்தரோன் இரத்தத்தில் உயர்ந்தே நிற்கும். அந்த ஓமோன் முலைத்திசுவைத் தூண்டி அதற்குள்ளேயே வளர்ச்சி ஓமோனைச் சுரக்க வைக்கும். ஒவ்வொரு பருவத்திலும் கலங்கள் பெருகும், பிறகு சுருங்கும். ஆயுளில் பத்துப் பதினைந்து தடவை இப்படி நடந்தால், பிரியும் கலங்களில் எங்கோ ஒன்று தவறிப்போக இடம் இருக்கிறது. கொழுப்பும் சும்மா கிடப்பதில்லை. அதிலுள்ள அரோமற்றேசு என்ற நொதியம் உடலிலுள்ள ஆண் ஓமோன்களை ஈஸ்திரஜனாக மாற்றும். கொழுத்த உடலில் லெப்டின் என்ற கொழுப்புத்திசு ஓமோனும் இன்சுலினும் உயரும். மெல்லிய அழற்சி ஓயாமல் இருக்கும். 2015இல் வெளிவந்த கொரிய ஆய்வொன்றில், எடை கூடிய நாய்களின் முலைப்புற்றில் அரோமற்றேசு கூடுதலாகக் காணப்பட்டது. அவற்றுக்குப் புற்று வந்த சராசரி வயதும் குறைவாகவே இருந்தது.

முதல் வருஷத்து எடைக்கு வருவோம். அமெரிக்காவில் பென்சில்வேனியாவில் செய்து 1991இல் வெளியிட்ட ஆய்வில், ஒன்பது முதல் பன்னிரண்டு மாத வயதில் மெலிந்திருந்து, பின்னர் கருத்தடையும் செய்த நாய்களுக்கு முலைப்புற்று மிகவும் குறைவாக வந்தது. நோய் கண்டுபிடிக்கப்படுவதற்கு ஒரு வருஷம் முந்தைய எடைக்கோ கொழுப்புச் சாப்பாட்டுக்கோ அதில் தெளிவான தொடர்பு கிடைக்கவில்லை. மட்ரிட்டில் செய்து 1998இல் வெளிவந்த ஆய்வு அதற்குச் சற்று மாறாக, ஒரு வயதில் கொழுத்திருந்ததும் நோய்க்கு ஒரு வருஷம் முன்பு கொழுத்திருந்ததும் இரண்டுமே ஆபத்தைக் கூட்டின என்றது. மாட்டிறைச்சியும் பன்றியிறைச்சியும் மிகுந்த வீட்டுச் சாப்பாடும் அதில் குற்றம் சாட்டப்பட்டது. "அப்போது நாய் எப்படி இருந்தது?" என்று வளர்த்தவரிடம் கேட்டு எழுதும் ஆய்வுகளில் ஞாபகப் பிழை இருக்கும், அதையும் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். ஆனால் இரண்டும் ஒத்துப்போகும் இடம் ஒன்றுதான்: முலைத்திசு முதன்முதலாக உருவாகி வளரும் அந்த ஒரு வருஷம்.

நம்மிடம் நடப்பதோ நேர்மாறு. உருண்டைக் குட்டிதான் அழகு. பாலும் பாணும் பிஸ்கட்டுமாகப் பிள்ளைகள் போட்டிபோட்டுக் கொடுக்கும் காலம் அதுதான். ஒன்று சொல்ல வேண்டும்: விலா எலும்பு தெரிந்துகொண்டு வயிறு மட்டும் பானையாக இருக்கும் குட்டி கொழுத்த குட்டி இல்லை, பூச்சிக் குட்டி. இரண்டு கிழமை வயதிலிருந்து எட்டுக் கிழமை வரை இரண்டு கிழமைக்கொருமுறையும், பிறகு ஆறு மாதம் வரை மாதம் ஒருமுறையும் பூச்சிமருந்து கொடுக்க வேண்டும். மெலிவாக வளர்ப்பது என்றால் பட்டினி போடுவதும் இல்லை. வெறும் சோற்றில் வளரும் குட்டிக்குக் கல்சியம் போதாமல் கால் வளைந்துவிடும். புரதத்தையும் கல்சியத்தையும் குறைக்காமல், சோற்றையும் எண்ணெயையும் இனிப்பையும் மட்டும் அளந்து போட வேண்டும்.

சரியான எடையா என்பதை உங்கள் கையை வைத்தே பார்க்கலாம். இடதுகை விரல்களை நீட்டி, புறங்கையில் விரல் எலும்புகளை வலதுகையால் தடவுங்கள். நாயின் விலாவும் அப்படித் தட்டுப்பட்டால் எடை சரி. முஷ்டி பிடித்த கையின் விரல்மொழியைத் தடவுவது போலக் கூர்மையாக இருந்தால் மெலிவு. உள்ளங்கைப் பக்கம் விரலடியைத் தடவும்போது எலும்பை அழுத்தித் தேட வேண்டியிருக்கிறதே, விலாவும் அப்படி என்றால் நாய் கொழுத்துவிட்டது. மேலிருந்து பார்த்தால் இடை ஒடுங்க வேண்டும். பக்கத்திலிருந்து பார்த்தால் வயிறு பின்னோக்கி மேலேற வேண்டும். மிருக வைத்தியர்கள் ஒன்பது புள்ளி அளவுகோலில் நான்கு, ஐந்தைச் சரியென்பார்கள். ஐந்துக்கு மேல் ஒவ்வொரு புள்ளியும் ஏறக்குறையப் பத்து வீதம் கூடுதல் எடை. நிறுப்பதற்கு நெல் நிறுக்கும் மேடைத்தராசே போதும். குட்டியென்றால் உரப்பையில் இறக்கித் தூக்குத்தராசில் கொழுவலாம், பையின் எடையைக் கழிக்க மறக்கக் கூடாது.

கருத்தடைக்கு வந்தால், எல்லாரும் எடுத்துக்காட்டுவது 1969இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வைத்தான். முதல் பருவத்துக்கு முன் செய்தால் 0.5 வீதம், முதலாவதுக்குப் பின் 8 வீதம், இரண்டாவதுக்குப் பின் 26 வீதம். இந்த எண்களைப் பலர் பிழையாக வாசிக்கிறார்கள். நூறு நாயில் எட்டுக்குப் புற்று வரும் என்று இதற்குப் பொருள் இல்லை. கருத்தடை செய்யாத நாய்க்கு இருக்கும் ஆபத்தை நூறாக வைத்தால், முதல் பருவத்துக்குப் பின் செய்த நாய்க்கு எட்டுப் பங்கு என்பதே பொருள். 2012இல் பழைய ஆய்வுகளையெல்லாம் ஒன்றாக எடைபோட்டவர்கள், சான்று நாம் நினைத்த அளவுக்கு உறுதியில்லை என்றும் எழுதினார்கள். இருந்தாலும் கருத்தடை கர்ப்பப்பையில் சீழ் பிடிப்பதைத் தடுக்கும், வீதியில் விடப்படும் குட்டிகளைக் குறைக்கும். ஊர்நாய்க்கு முதல் பருவத்துக்கு முன்னரோ, முதலாவதுக்கும் இரண்டாவதுக்கும் இடையிலோ செய்துவிடுவதுதான் சரி என்பது என் முடிவு. செப்பேர்ட், லப்ரடோர் போன்ற பெரிய சாதிகளில் ஒரு வயதுக்கு முன் செய்தால் மூட்டுப் பிரச்சினை கூடலாம் என்பதால், அவற்றுக்கு வைத்தியரோடு பேசித் தீர்மானிக்க வேண்டும்.

"ஒருக்கால் குட்டி போட விட்டால் புற்று வராது" என்ற பேச்சுக்கு ஆதாரம் கிடையாது. பருவம் வராமலிருக்கப் போடும் ஊசி அதைவிட மோசம். அதிலுள்ள மெட்ரொக்சிபுரோஜெஸ்தரோன் என்பது புரோஜெஸ்தரோன் வகை மருந்துதான். மடிக்கு நல்லதில்லை என்று மேலே சொன்ன அதே ஓமோனை மாதக்கணக்கில் உடம்பில் ஏற்றிவைப்பதுதான் அந்த ஊசி. முலைக்கட்டியும் கர்ப்பப்பைச் சீழும் இரண்டும் அதனால் கூடும். மலிவு என்பதைத் தவிர அதற்குச் சொல்ல ஒன்றுமில்லை.

கருத்தடைக்குப் பிறகுதான் அடுத்த பொறி. சூலகத்தை எடுத்ததும் உடலுக்குத் தேவையான சக்தி ஏறக்குறைய இருபது முதல் முப்பது வீதம் குறையும், பசி கூடும். ஆனால் தட்டு பழைய தட்டேதான், அகப்பையும் பழைய அகப்பைதான். ஆறு மாதத்தில் நாய் உருளத் தொடங்கியதும் "ஒப்பரேசன் செய்ததாலதான் கொழுத்தது" என்று பேச்சு பரவி, பக்கத்து வளவுக்காரர் தன் நாய்க்குச் செய்யாமல் விட்டுவிடுவார். புண் ஆறி நாய் பழையபடி தின்னத் தொடங்கிய கிழமையிலேயே சோற்றைக் கால்பங்கு குறைத்தால் இந்தக் கதைக்கே இடமில்லை.

ஏற்கெனவே கொழுத்துவிட்டால் கணக்குப் போட்டே இறக்க வேண்டும். 18 கிலோ நிற்கும் ஊர்நாய் 14 கிலோவுக்கு வர வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். 14 கிலோ நாய் அசையாமல் கிடந்தாலே ஒரு நாளுக்கு ஏறக்குறைய 500 கலோரி வேண்டும். எடை இறக்கும் காலத்தில் அந்த அளவோடு நிறுத்த வேண்டும். சமைத்த சோறு 150 கிராம், முள் நீக்கி அவித்த மீன் அல்லது தோல் நீக்கிய கோழி 150 கிராம், அவித்த முட்டை ஒன்று, பூசணி, பயற்றங்காய், கீரை ஏதாவது அவித்து 150 கிராம். எல்லாம் சேர்த்து 480 கலோரியளவு வரும், இரண்டு வேளைக்குப் பிரித்துக் கொடுக்கலாம். உப்பு, வெங்காயம், உள்ளி, தூள் எதுவும் சேரக் கூடாது. வெங்காயமும் உள்ளியும் நாயின் செங்குருதிக் கலங்களை உடைக்கும். முட்டைக்கோதைக் காயவைத்து மாவாக அரைத்து நாளொன்றுக்கு அரைத் தேக்கரண்டி சேர்த்தால் ஒரு கிராமளவு கல்சியம் கிடைக்கும். இந்தத் தட்டிலும் நாகம், செம்பு, அயடின் போன்றவை குறைவுதான், ஆகவே மாதக்கணக்கில் தொடரும்போது வைத்தியரிடம் விற்றமின் கேட்டு வாங்குங்கள்.

கிழமைக்கு உடல் எடையில் ஒன்று முதல் இரண்டு வீதம், அதாவது இந்த நாய்க்கு 180 முதல் 360 கிராம் இறங்கினால் சரி. ஒரு கிழமைக்கு ஒரு வீதமென்றால் நாலு கிலோ இறங்க ஐந்தாறு மாதம் செல்லும். அதைவிட வேகமாக இறங்கினால் தசையும் கரையும்.

அளந்து வைத்தும் இறங்கவில்லை என்றால் தட்டுக்கு வெளியே தேட வேண்டும். கெட்டித் தேங்காய்ப்பால் 100 மில்லிலீற்றரில் இருநூறு கலோரிக்கு மேல். ஒரு மேசைக்கரண்டி தேங்காயெண்ணெயில் 120. பின்னேரத் தேத்தண்ணியோடு போடும் நாலு மாரி பிஸ்கட்டில் ஏறக்குறைய நூறு, அதாவது அன்றைய பங்கில் ஐந்திலொன்று. இதையெல்லாம் நிறுத்திய பிறகும் தராசு அசையாவிட்டால் நாய் வேறு வீட்டிலும் சாப்பிடுகிறது. வேலியில்லாத வளவுகளில் ஒரு நாய்க்கு மூன்று வீடு இருப்பது சாதாரணம். பக்கத்து வீட்டம்மாவிடம் "சோறு வையாதேங்கோ" என்று சொன்னால் மனம் நோவார். "மருந்து குடுக்கிறம், வேறொண்டும் குடுக்கக் கூடாதெண்டு டொக்டர் சொன்னவர்" என்றால் கேட்பார். நடத்துவதற்குக் காலை ஏழுக்கு முன்னும் பின்னேரம் ஐந்தரைக்குப் பின்னும்தான் நேரம். சோளகக் காற்று வீசும் மாதங்களில் மண்ணே சுடும், கொழுத்த நாய் மூச்சிரைத்துச் சூட்டிலேயே விழும்.

இனி மடியைத் தடவிப் பார்க்கும் முறை. உண்ணி பொறுக்கும் வேலை எப்படியும் இருக்கிறது, மாதம் ஒரு தடவை அதோடு சேர்த்துச் செய்தால் மறக்காது. நாயைப் பக்கவாட்டில் படுக்க வைத்து, முன்காலடியிலிருந்து தொடங்கி ஒவ்வொரு முலையாகப் பின்னோக்கி வாருங்கள். விரல்நுனியால் குத்தாமல் விரல்களின் தட்டைப் பக்கத்தால் தடவி, பிறகு பெருவிரலுக்கும் மற்ற விரல்களுக்கும் நடுவே திசுவை மெல்லத் தூக்கி உருட்டிப் பாருங்கள். கடைசி இரண்டு சோடியில் நேரம் எடுக்க வேண்டும். கொழுத்த நாயில் அங்கே கொழுப்பு ஒரு மடிப்பாகத் தொங்கும், தடவினால் மட்டும் ஒன்றும் தெரியாது. மடிப்பையே கையில் ஏந்தி உருட்டினால்தான் உள்ளே பயறளவில் கிடக்கும் கட்டி நழுவி விரலில் படும். முலைச் சங்கிலியை, அதாவது ஒரு பக்கத்து முலை வரிசையை, விட்டுச் சற்றுத் தள்ளியும் பார்க்க வேண்டும். ஒரு கொப்பியில் வயிற்றின் படம் கீறி, இடம் வலம், ஒன்று முதல் ஐந்து என்று குறித்து, கண்டதை அடிமட்டத்தால் அளந்து திகதியோடு எழுதிவையுங்கள். பருவம் முடிந்து ஆறு முதல் எட்டுக் கிழமையில் சில நாய்களுக்குப் பொய்ச்சினையில் மடி வீங்கிப் பாலும் வரும், அது தானாக வடியும். வீக்கம் வடிந்த பிறகு ஒரு தடவை கட்டாயம் பாருங்கள்.

தட்டுப்படுவதெல்லாம் புற்றில்லை. கொழுத்த நாய்க்கு மெத்தென்ற கொழுப்புக்கட்டி வரும். தொடையிடுக்கில் அமுக்கினால் உள்ளே போகும் வீக்கம் குடலிறக்கமாக இருக்கலாம். இலங்கையில் நுளம்பு பரப்பும் டைரோஃபிலேரியா ரெப்பன்ஸ் என்ற புழு தோலுக்கடியில் சிறு முடிச்சாக நிற்பதும் உண்டு. ஊசியால் உறிஞ்சி எடுத்து நுணுக்குக்காட்டியில் பார்த்தால் இவற்றை ஒதுக்கிவிடலாம். ஆனால் முலைக்கட்டியென்று ஆனபின் அது நல்லதா கெட்டதா என்று ஊசி உறுதியாகச் சொல்லாது. கட்டியை எடுத்து ஆய்வுகூடத்துக்கு அனுப்பினால்தான் தெரியும். "பெருக்குதோ எண்டு பாப்பம்" என்று காத்திருப்பதுதான் பெரும் பிழை. 3 செ.மீக்குக் குறைந்த கட்டிக்கும் 5 செ.மீக்கு மேற்பட்ட கட்டிக்கும் பிழைக்கும் வாய்ப்பில் பெரிய வித்தியாசம் உண்டு. சாதுவான கட்டிகள் பெருக்கும்போதே புற்றாக மாறுவதும் உண்டு.

சுண்ணாம்பும் மஞ்சளும் பூசுவது, கழிவு ஒயில் தடவுவது, நூலால் இறுக்கிக் கட்டுவது எல்லாம் தோலை உடைத்துப் புண்ணாக்கும். புண்ணில் ஈ முட்டையிட்டு இரண்டொரு நாளில் புழு வைக்கும். வீட்டிலிருக்கும் நோவுக் குளிசையும் ஆபத்து: டைக்குளோபெனாக், இபூபுரூஃபன் இரண்டும் நாயின் குடலையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும்.

மடி முழுவதும் சூடாகி, சிவந்து, கல்லாக இறுகி, தொட விடாமல் நொந்தால் அது வேறு கதை. குட்டி போடாத, பால் இல்லாத முதிர்ந்த நாயில் இப்படிக் கண்டால் பாற்சுரப்பி அழற்சி என்று நுண்ணுயிர்கொல்லி கொடுத்து நாளைக் கடத்தக் கூடாது. அழற்சிப் புற்று என்ற கொடிய வகையாக இருக்கலாம். அதற்குச் சத்திரசிகிச்சை பயன் தராது. நோவைக் குறைத்துப் பார்ப்பதுதான் செய்யக்கூடியது.

மற்றவற்றுக்குக் கத்திதான் மருந்து. வன்னியிலுள்ள அரச கால்நடை வைத்திய அலுவலகங்கள் முதன்மையாக மாடு, ஆடு, கோழிக்காக இயங்குபவை, ஆகவே எந்த நாளில் நாய்க்குச் சத்திரசிகிச்சை செய்வார்கள், எக்ஸ்ரே எங்கே எடுக்கலாம் என்று முன்கூட்டியே கேட்டுக்கொண்டு போங்கள். பெரிய கட்டியென்றால் பேராதனைப் பல்கலைக்கழகத்தின் விலங்கு மருத்துவப் போதனா வைத்தியசாலை வரை போக வேண்டியும் வரலாம். முதலில் நெஞ்சு எக்ஸ்ரே, முடிந்தால் இடம், வலம், மல்லாக்காக மூன்று படம். புற்று நுரையீரலுக்குப் போயிருந்தால் மடியை வெட்டிப் பயனில்லை. அடுத்தது இரத்தச் சோதனை. நம்மூரில் உண்ணிக் காய்ச்சல் சாதாரணம், அதை உண்டாக்கும் எர்லிச்சியா என்ற கிருமி இருந்தால், இரத்தத்தை உறைய வைக்கும் குருதிச் சிறுதட்டுகள் குறைந்து மேசையிலேயே இரத்தம் நில்லாமல் ஓடும்.

கொழுத்த நாயை வெட்டுவது வைத்தியருக்கு இரட்டை வேலை. மயக்கமருந்தை மொத்த எடைக்குக் கணக்கிட்டால் மிகையாகிவிடும், மெலிந்த உடலின் எடைக்கே கணக்கிட வேண்டும். மல்லாக்கப் படுத்தினால் வயிற்றுக் கொழுப்பு உதரவிதானத்தை அமுக்கும், மூச்சு குறையும். கருத்தடையும் சேர்த்துச் செய்யும்போது சூலகத்துக் குருதிக்குழாய் கொழுப்புக்குள் புதைந்திருக்கும்; அதைக் கட்டும் நூல் கொழுப்பின் மேல் இறுகி, பிறகு நழுவி, உள்ளே இரத்தம் கசியலாம். தையலுக்கடியில் நீர் கோப்பதும் தையல் விடுவதும் கொழுத்த நாய்களில்தான் அதிகம். கட்டி சிறியது, அவசரமில்லை என்று வைத்தியர் சொன்னாலொழிய, எடையை இறக்கிவிட்டு வெட்டலாம் என்று மாதக்கணக்கில் தள்ளிப்போடக் கூடாது. இரண்டு பக்கச் சங்கிலியையும் எடுக்க வேண்டியிருந்தால் ஒரே நாளில் எடுத்தால் தோல் எட்டாது. ஒரு பக்கம் ஆறிய பிறகு, ஒரு மாதமளவு கழித்து மறுபக்கம்.

எடுத்த கட்டியை ஆய்வுகூடத்துக்கு அனுப்பும் வேலை பெரும்பாலும் நாய்க்காரரின் தலையில்தான் விழும். அகன்ற வாய்ப் போத்தல் வேண்டும், ஜாம் போத்தல் நல்லது. குறுகிய வாய்க்குள் மெத்தென்று திணித்த திசு போர்மலினில் இறுகியதும் வெளியே வராது. கடைப் போர்மலின் ஒரு பங்குக்குத் தண்ணீர் ஒன்பது பங்கு. திசுவைப்போல் பத்து மடங்கு கரைசல். கட்டி பெரிதென்றால் நடுவே ஆழமாக ஓரிரு வெட்டு வைத்துத் தரச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் வெளிப்பக்கம் இறுகி உள்ளே அழுகிப்போகும். ஐஸில் வைத்து உறைய விடக் கூடாது. பெயரையும் எந்த முலையிலிருந்து எடுத்தது என்பதையும் பென்சிலால் எழுதி ஒட்டி, இரண்டு பொலித்தீன் பைக்குள் கட்டிக்கொண்டு பஸ் ஏறலாம்.

தையல் வெட்டப் பத்து முதல் பதினான்கு நாள். அதுவரை கழுத்தில் கூம்பு, அல்லது பழைய ரீசேர்ட் ஒன்றை முன்கால்கள் கைகளுக்குள் வரும்படி மாட்டி முதுகில் முடிச்சுப் போட்டுவிடுங்கள், நக்க முடியாது. ஆய்வுகூட முடிவு புற்று என்றால் முதல் வருஷம் மூன்று மாதத்துக்கொருமுறை மடியையும் கவட்டு, கக்கத்து நிணநீர்க் கணுக்களையும் தடவிப் பார்த்து, வசதிப்பட்டால் நெஞ்சு எக்ஸ்ரேயும் எடுக்க வேண்டும். மீந்த முலைகளில் புதிதாக இன்னொரு கட்டி வருவது அரிதில்லை, கொப்பியை எறிந்துவிடாதீர்கள். விடாத இருமல், காரணமில்லாத நொண்டல், தின்றும் மெலிதல் இவற்றில் ஒன்றைக் கண்டால் அடுத்த தவணைக்குக் காத்திராமல் கொண்டுபோங்கள்.